ரிங்கிட் பதினைந்து ரூபாயாக இருந்த நாட்கள்: அரூருக்கு ஒரு திங்கட்கிழமைப் பயணம்

தருமபுரி மாவட்டம் என்றதும் ஒகேனக்கல் பரிசல் கட்டணத்தைத் தேடி இந்தப் பக்கத்துக்கு வந்திருந்தால் மன்னிக்கவும். நான் அந்தப் பக்கமே போகவில்லை. போன மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை பெங்களூரிலிருந்து அரூருக்குப் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல, நான் செய்த ஒரு தப்பைச் சரிசெய்ய. ரயில் நேரமும் பஸ் கட்டணமும் வழக்கம்போல எழுதியிருக்கிறேன். ஆனால் வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்பிய யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், நடுவில் வரும் கதையையும் விடாமல் படியுங்கள்.

முதலில் ஏன் போனேன் என்று சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் சக்திவேல் 2015 ஏப்ரல் முதல் 2018 மார்ச் வரை மலேசியாவில் ஜொகூர் பக்கம் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். மாதம் தவறாமல் ஆயிரம் ரிங்கிட் ஊருக்கு அனுப்புவார். முப்பத்தாறு மாதம், முப்பத்தாறாயிரம் ரிங்கிட். அதை வாங்கி ஊரில் வீடு கட்டியவர் அவருடைய அண்ணன் குப்புசாமி. அரூரிலிருந்து ஒன்பது கிலோமீட்டரில் அவர்கள் ஊர். பணம் வங்கிக்கு வரவில்லை. அரூர் கடைவீதியில் ஒரு பணப் பரிமாற்றக் கடைக்கு எண் வரும், அண்ணன் அடையாள அட்டையைக் காட்டி ரொக்கமாக வாங்கிக்கொள்வார். எங்கள் திருமணம் 2019இல். அதனால் இதில் எதையும் நான் நேரில் பார்த்ததில்லை.

போன ஆயுத பூஜை விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது வீட்டையும் நிலத்தையும் அண்ணன் தம்பி இருவரும் பாகம் பிரித்து எழுதிக்கொள்வது என்று பேச்சு வந்தது. சண்டை ஒன்றும் இல்லை. நல்லபடியாகத்தான் உட்கார்ந்தோம். அக்கம்பக்கத்தில் மூன்று பெரியவர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். குப்புசாமி மாமா ஒரு பள்ளி நோட்டைப் பார்த்து, தம்பி அனுப்பியதில் மொத்தம் ஐந்து லட்சத்து அறுபத்தோராயிரம் வந்தது என்றார். (கணவரின் அண்ணனை எங்கள் பக்கம் மாமா என்றுதான் கூப்பிடுவோம்.)

நான் பெங்களூரில் ஒரு மருந்து மொத்த விற்பனை நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். கை சும்மா இருக்கவில்லை. கைபேசியை எடுத்து முப்பத்தாறாயிரம் ரிங்கிட் எத்தனை ரூபாய் என்று தட்டினேன். ரிங்கிட் இருபத்தொரு ரூபாய். ஏழு லட்சத்து ஐம்பத்தாறாயிரம் என்று வந்தது.

"ஒரு லட்சத்து தொண்ணூத்தஞ்சாயிரம் குறையுதுங்களே மாமா," என்றேன்.

"ஏம்மா, அவ்ளோ எங்கம்மா வந்துச்சு? வந்ததெல்லாம் இதுல எழுதியிருக்கேன்."

"ரசீது ஏதாச்சும் இருக்குதுங்களா?"

இருந்தது. கம்பியில் குத்தி எல்லா ரசீதையும் வைத்திருந்தார். எடுத்துப் பார்த்தால் அத்தனையும் வெள்ளைத்தாள். இயந்திரத்தில் அச்சாகி வரும் வழவழப்பான தாளில் எழுத்து சில வருடம்கூட நிற்காது. அது எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அந்த வெள்ளைத்தாள்கள் எனக்கு வேறு மாதிரித் தெரிந்தன.

"மாமா, கணக்கு பொய் சொல்லாதுங்க," என்றேன். மூன்று பெரியவர்கள் முன்னால்.

அவர் நோட்டை மூடிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். அன்று மாலையே நாங்கள் கிளம்பினோம். அதன் பிறகு நான்கரை மாதம் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. பொங்கலுக்கும் நாங்கள் போகவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் அண்ணனைப் பற்றி ஏதாவது கதை சொல்வது சக்திவேலின் வழக்கம். அது நின்றுபோனது.

இப்போது மாசி மாதத்துக்கு வருகிறேன். அலுவலகத் தோழிகளோடு மலேசியாவின் லங்காவி தீவுக்குப் போகலாம் என்று ஒரு வெள்ளிக்கிழமை செலவுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ரிங்கிட்டை இப்போதே மாற்றுவதா, கொஞ்சம் பொறுப்பதா என்று தெரிந்துகொள்ளக் கடந்த பத்துப் பதினொரு வருட விகிதத்தின் வரைபடத்தைத் திறந்தேன். கோடு ஏறிக்கொண்டே வந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். இல்லை. 2015இல் பதினேழை ஒட்டி ஆரம்பித்து, அந்த வருடத்துக்குள்ளேயே பதினைந்து பக்கம் இறங்கியிருந்தது. 2017 ஏப்ரலில் பதினைந்துக்கும் கீழே. இருபத்தொன்று என்பது இப்போதுதான். சக்திவேல் பணம் அனுப்பிய மூன்று வருடமும் கோட்டின் பள்ளத்தில் கிடந்தது.

கணக்கு வேலையில் பன்னிரண்டு வருடம் இருக்கிறேன். பழைய விலைப்பட்டியலுக்குப் பழைய தேதியின் விலையைத்தான் போடவேண்டும் என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கிறேன்.

சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து முப்பத்தாறு மாதத்துக்கும் விகிதம் எடுத்தேன். சம்பளம் ஏழாம் தேதி வரும், அன்றைக்கோ மறுநாளோ அனுப்பிவிடுவேன் என்று சக்திவேல் சொன்னதால் தேதி பிரச்சினை இல்லை. மலேசிய மத்திய வங்கியின் தளத்தில் பழைய தேதிகளுக்கான விகிதம் கிடைத்தது. அவர்கள் நூறு ரூபாய்க்கு எத்தனை ரிங்கிட் என்று தருகிறார்கள். நமக்கு வேண்டியது தலைகீழ். 2017 ஏப்ரலில் நூறு ரூபாய்க்கு ஆறு ரிங்கிட் எண்பது சென் சொச்சம், அதாவது ஒரு ரிங்கிட்டுக்குச் சுமார் பதினான்கு ரூபாய் எழுபது பைசா. இப்படி ஒவ்வொரு மாதமும் போட்டுக் கூட்டினேன். ஐந்து லட்சத்து அறுபத்தொன்பதாயிரத்து நானூறு.

மாமா சொன்னதற்கும் இதற்கும் வித்தியாசம் எட்டாயிரத்து நானூறு ரூபாய். மாதத்துக்கு இருநூற்று முப்பது சொச்சம். பணம் அனுப்பும் கடைக்காரர்கள் ரிங்கிட்டுக்கு இருபது, இருபத்தைந்து பைசா குறைத்துத்தான் தருவார்கள். அவ்வளவுதான் குறைந்த பணம். மனிதர் ஒரு ரூபாய்கூடத் தொடவில்லை.

சக்திவேலிடம் தாளைக் கொடுத்தேன். மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை படித்தார்.

"நானும்தான் நம்பிட்டேன்," என்றார். "என் அண்ணன் எனக்குத் தெரியாதா? நானும் கேக்காம இருந்துட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்கு மூன்று தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. மாலையில் அவர் மனைவி செல்வி அக்காவுக்குப் போட்டேன். அக்கா எடுத்தார். குரலே சரியில்லை.

"புவனா, உனக்குத் தெரியாதா? அந்தப் பணத்த உங்களுக்குக் குடுத்தே தீரணும்னு நிக்கறாரு. கெணத்தோரமா அவரு பேர்ல இருக்கற இருவது சென்ட்ட மாரப்பனுக்கு வெல பேசிட்டாரு. ரெண்டு லட்சத்துக்கு. நாளைக்கு அரூர்ல ரிஜிஸ்டரு."

"அக்கா, வேணாம்னு சொல்லுங்க. பணம் குறையவே இல்ல. தப்பு என்னுதுக்கா."

"நா சொன்னா கேக்கறாரா? ஒன் பேச்ச எடுத்தாலே எழுந்து போயிடறாரு. நேர்ல வந்து சொல்லு. பன்னெண்டு மணி சுமாருக்கு டோக்கனு."

சக்திவேலுக்குத் திங்கட்கிழமை காலை ஷிப்ட். விடுப்பு கேட்டும் மதியத்துக்குப் பிறகுதான் விட முடியும் என்றார்கள். "நீ முன்னால போ. நான் எப்படியும் சாயங்காலத்துக்குள்ள வந்துடறேன்," என்றார். இப்படித்தான் அந்தப் பயணம் முடிவானது.

பெங்களூரிலிருந்து ஓசூர் வழியாகச் சேலம் போகும் பாதையில்தான் தருமபுரி ரயில் நிலையம் இருக்கிறது. காலை 6.10க்குக் கிளம்பும் ரயிலைப் பிடித்தேன். இரண்டாம் வகுப்பு இருக்கைக்குக் கொடுத்தது நூறு ரூபாய்க்குள். ஓசூர் தாண்டியதும் வலது பக்கம் மலைகள் வரும், வெயில் ஏறுவதற்கு முன்னால் பார்க்க நன்றாக இருக்கும். அன்றைக்கு நான் பார்த்தது மடியிலிருந்த நான்கு பக்கத் தாளைத்தான். எங்காவது தப்பு இருக்கிறதா என்று திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருந்தேன். ஒரு தடவை தப்பு செய்தவளுக்குத் தன் கணக்கின் மேல் நம்பிக்கை வருவதில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த அம்மா, ஓசூரில் கம்பெனி வேலையிலிருக்கும் மகளைப் பார்த்துவிட்டுத் தருமபுரி திரும்புகிறவர், "பரிச்சையா கண்ணு?" என்று கேட்டார். எனக்கு வயது முப்பத்தெட்டு. ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

8.55க்குத் தருமபுரியில் இறங்கினேன். பத்து நிமிடம் தாமதம். நிலையத்துக்கு வெளியே ஆட்டோக்காரர் பேருந்து நிலையத்துக்கு நூறு கேட்டு எண்பதுக்கு வந்தார். அரூர் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

"அது ஓயாம இருக்குதுங்க. கவர்மென்ட் பஸ், பிரைவேட்டு ரெண்டும். நீங்க மொரப்பூர் வழி போறதுல ஏறுங்க. சுத்தறதுல ஏறிட்டீங்கன்னா அரை மணி கூட ஆவும்."

இந்த ஒரு தகவலுக்கே எண்பது ரூபாய் தகும். ஊர்ப்பெயரை மட்டும் பார்த்து ஏறாமல், எந்த வழி என்று நடத்துநரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

9.20க்கு ஒரு தனியார் பஸ். டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். தூரம் நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். சாதாரண நாளில் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். அன்றைக்கு மொரப்பூரில் ஆள் ஏற்றுவதற்காகப் பதினைந்து நிமிடம் நின்றது. ஓட்டுநர் இறங்கி டீ குடித்தார். என்னால் உட்கார முடியவில்லை. நடத்துநரிடம் போய் அரூரில் பதிவு அலுவலகம் போகவேண்டும், எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று கேட்டேன்.

"பதினொன்னுக்குள்ள வுட்டுருவங்க. ரிஜிஸ்டர் வேலயா? நெலம் வாங்கறீங்களா, விக்கறீங்களா?"

"நிறுத்தப் போறேங்க," என்றேன்.

அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, கீழே டீக்கடைப் பக்கம் விசில் அடித்தார்.

10.55க்கு அரூர். பேருந்து நிலையத்திலிருந்து பதிவு அலுவலகத்துக்கு ஆட்டோ ஐம்பது ரூபாய். நடந்தும் போகலாம், ஆனால் அன்று நடக்கிற நிலையில் நான் இல்லை. எதிரில் வரிசையாகப் பத்திரம் எழுதும் கடைகள். மூன்றாவது கடையின் முன்னால் பெஞ்சில் செல்வி அக்கா துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மாமா, சலவைச் சட்டை போட்டு, தலை வாரி, கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி. நிலத்தை வாங்கும் மாரப்பன் நின்றபடியே டீ குடித்துக்கொண்டிருந்தார். இவர்களுக்குப் பக்கத்து நிலத்துக்காரர், குச்சிக்கிழங்கு (மரவள்ளி) போடுகிறவர்.

மாமா என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

"நீ எதுக்கும்மா இவ்ளோ தூரம் வந்த? பணம் நாளைக்கு தம்பி அக்கவுண்டுக்கு வந்துரும். நானே சொல்லி அனுப்பலாம்னு இருந்தேன்."

"மாமா, பணம் குறையலீங்க. தப்பா கணக்குப் போட்டது நான்தான். கையெழுத்து போடாதீங்க."

"என்ன தப்பும்மா?"

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ரிங்கிட்டுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு விலை உண்டு, தம்பி அனுப்பிய நாளில் அது பதினைந்து, பதினாறு ரூபாய்தான், நான் இன்றைய இருபத்தொரு ரூபாயைப் போட்டுப் பெருக்கிவிட்டேன் என்று சொன்னேன். வார்த்தை முன்னும் பின்னுமாகத்தான் வந்தது. மாமா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். புரிந்ததா என்று தெரியவில்லை. மாரப்பன்தான் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அதாவது, அன்னிக்கு வித்த குச்சிக்கெழங்குக்கு இன்னிக்கு மூட்ட ரேட்டுல காசு கேட்டிருக்கீங்க."

"ஆமாங்க."

"நல்லா கேட்டீங்க போங்க," என்றார்.

மாமா, "நோட்ட எடு," என்று அக்காவிடம் கைநீட்டினார். பணத்தோடு சேர்த்து அந்த நோட்டையும் எங்களிடம் கொடுத்துவிடுவது என்று பையில் எடுத்து வந்திருந்தார்கள். "நீ படிக்காத. நா படிக்கறேன். ஒன்னுதுல என்ன இருக்குதுன்னு பாத்துச் சொல்லு," என்றார்.

அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து முப்பத்தாறு மாதத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அவர் நோட்டில் உள்ளதைப் படிப்பார், நான் என் தாளில் அந்த மாதத்தைச் சொல்வேன். பதினேழாயிரத்து நூறு என்றார். என் தாளில் பதினேழாயிரத்து முந்நூற்று நாற்பது. பதினைந்தாயிரத்து நூறு என்றார். பதினைந்தாயிரத்து முந்நூற்று இருபது. என் தாளில் ஏறும்போது அவர் நோட்டிலும் ஏறியது, இறங்கும்போது அதுவும் இறங்கியது. ஏழெட்டு மாதம் தாண்டியதும் பத்திரம் எழுதுகிறவரும் தட்டச்சை நிறுத்திவிட்டு வந்து பின்னால் நின்றார். ஒருவர் பொய்க் கணக்கு எழுதுவதென்றால் ஒரே தொகையை மாதாமாதம் எழுதலாம், கொஞ்சம் கூட்டிக் குறைத்தும் எழுதலாம். ஆனால் அரூரில் உட்கார்ந்துகொண்டு மலேசியச் சந்தையின் ஏற்ற இறக்கத்தை மாதம் பிசகாமல் எழுத யாராலும் முடியாது.

2017 ஏப்ரல் வந்தது. "பதினாலாயிரத்து ஐநூறு," என்று படித்துவிட்டு நிறுத்தினார்.

"பதினாலாயிரத்து எழுநூறுங்க மாமா. அதுதான் இருக்கறதுலயே குறைச்சல்."

"இந்த மாசம் எனக்கு ஞாபகம் இருக்குது. தம்பி ஏன் கம்மியா அனுப்பறான், வேல போயிருச்சா, ஒடம்பு சரியில்லையான்னு ஒரே யோசன. போன்ல கேட்டேன். நல்லாத்தான் இருக்கேன்னான். அதுக்கு மேல எப்புடிக் கேக்கறதுன்னு வுட்டுட்டேன்."

சக்திவேலுக்கு ஆயிரம் ரிங்கிட் என்பது எப்போதும் ஆயிரம்தான். எண்ணிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். இங்கே கைக்கு வருவது குறைந்ததும் கூடியதும் அவருக்குத் தெரியாது. பணம் ஏன் குறைகிறது என்று கேட்டால் தம்பி வருத்தப்படுவான் என்று மாமாவும் கேட்கவில்லை.

செல்வி அக்கா மெதுவாகச் சொன்னார். "அந்த மாசம் கொத்தனாருக்குக் குடுக்கப் பத்தல. என் காதுத் தோட்ட அடகு வெச்சுத்தான் குடுத்தாரு. தம்பிகிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாரு."

"அத எதுக்கு இப்ப," என்றார் மாமா.

கடைசி மாதமும் முடிந்தது. வித்தியாசம் அதே எட்டாயிரத்து நானூறு, அதுவும் மாதாமாதம் கடைக்காரர் எடுத்தது. மாமா நோட்டை மூடவில்லை. எழுந்துபோய் கடை ஓரத்துக் குடத்திலிருந்து தண்ணீர் எடுத்துக் குடித்தார். வெகுநேரம் முதுகைக் காட்டியபடியே நின்றார். அவர் மன்னிக்கமாட்டார், நிலத்தை விற்றே தீருவேன் என்பார் என்றுதான் அந்த நிமிடத்தில் தோன்றியது.

திரும்பி வந்து பத்திரம் எழுதுகிறவரிடம், "டோக்கன வுட்டுருங்க, ரிஜிஸ்டர் வேணாம்," என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அரூர் பதிவு அலுவலகத்துக்கு எதிரில் நடுவீதியில் அழுதேன்.

மாரப்பன் கொடுத்த முன்பணம் இருபதாயிரம் மாமாவின் பையிலேயே இருந்தது. எண்ணிக் கொடுத்தார். "எனக்கென்னங்க, நெலம் எங்கியும் போவாது. நீங்க விக்கறதா இருந்தா எனக்கு மொதல்ல சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு மாரப்பன் வண்டியை எடுத்தார். பத்திரம் எழுதியவருக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். அதை நான்தான் கொடுப்பேன் என்றேன். மாமா தடுக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

பஸ் நிலையத்துக்கு நடக்கும்போது சொன்னார். "நீ கணக்கு கேட்டதுல எனக்கு வருத்தம் இல்லம்மா. கேக்க வேண்டியதுதான். நாலு பேர வெச்சுக் கேட்டதுதான் தூங்க வுடல."

"அதே மூணு பேர்கிட்டயும் நானே போய்ச் சொல்றேங்க மாமா."

"அதெல்லாம் எதுக்கு," என்றார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அரூரிலிருந்து ஊருக்கு டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாமாவுக்குப் பத்து ரூபாய். 1.10க்கு வீடு. சாப்பிட்டதும் செல்வி அக்காவைக் கூட்டிக்கொண்டு அன்றைக்கு உட்கார்ந்திருந்த மூன்று பேர் வீட்டுக்கும் போனேன். இருவர் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்கள். மூன்றாமவர் பஸ் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். தாளை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் பார்த்தார்.

"இத அன்னிக்கே பாத்திருக்கலாம் இல்லீங்களா?"

"பாத்திருக்கலாங்க."

"குப்புசாமி நாலு மாசமா டீக்கடைக்கு வரல. அது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். அவர் அதோடு விட்டுவிட்டார். நான் படியிறங்கும்போது, "வந்து சொன்னீங்க பாருங்க, அது செரி," என்றார்.

சக்திவேல் 5.40 பஸ்ஸில் வந்து இறங்கினார். மாமா சாலைவரை போகவில்லை, வாசலில் நின்றார். சக்திவேல் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே, "அண்ணா," என்றார்.

மாமா கேட்டார். "அங்க ஆயிரம் சம்பாரிக்க எத்தன நாளு வேல செய்யணும்?"

"பதினஞ்சு, பதினாறு நாளுங்கண்ணா. ஓவர்டைம் இருந்தா பன்னெண்டு."

"இத்தன வருசத்துல நா ஒரு தடவகூட அதக் கேக்கல பாரு," என்றார் மாமா. "உள்ள வா. கையக் கழுவு."

மறுநாள் காலை இருவரும் உட்கார்ந்து பாகக் கணக்கை அரை மணி நேரத்தில் முடித்தார்கள். மாமா ஒன்றுதான் கேட்டார். எத்தனை ரிங்கிட், எந்தத் தேதி, அன்றைக்கு எத்தனை ரூபாய் என்று மூன்றையும் ஒரே தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு வைக்கவேண்டும் என்றார். எழுதியது நான். கூட்டலை அவர் ஒரு தடவை தனியாகப் போட்டுப் பார்த்தார். பார்க்கட்டும் என்று நானும் காத்திருந்தேன்.

இனி, போகிறவர்களுக்குக் கொஞ்சம். திரும்பும்போது நாங்கள் மொரப்பூரிலிருந்து ரயில் ஏறினோம். அது ஜோலார்பேட்டை – சேலம் பாதை. ஜோலார்பேட்டையில் இறங்கிப் பெங்களூர் ரயிலுக்கு மாறவேண்டும். மொரப்பூரில் எல்லா ரயிலும் நிற்காது, நேரம் பார்க்காமல் போய்விடாதீர்கள். நாங்கள் ஜோலார்பேட்டையில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். அவசரம் என்றால் தருமபுரி வழிதான் நல்லது. மாசியிலேயே பதினொரு மணிக்கு மேல் வெயில் தாங்காது, தண்ணீர் கையில் இருக்கட்டும். போக வர எனக்கு ஆன செலவு, பத்திரக் கடைக்காரருக்குக் கொடுத்தது போக, எழுநூறைத் தாண்டவில்லை.

பழைய பணக் கணக்கு பார்க்கப் போகிறவர்களுக்கு இன்னும் முக்கியமாகச் சில. கைபேசியில் தட்டினால் வருவது இன்றைய விலை. அது போன வருடத்துக்கே பொருந்தாது. அனுப்பிய தேதியின் விகிதத்தைத் தேடுங்கள். நம் மத்திய வங்கியின் தளத்தில் டாலர், யூரோ போன்ற பெரிய நாணயங்களுக்குப் பழைய விகிதம் கிடைக்கும். ரிங்கிட் போன்றவற்றுக்கு அந்தந்த நாட்டு மத்திய வங்கியின் தளத்தைப் பாருங்கள், தலைகீழாகக் கொடுத்திருக்கிறார்களா என்றும் கவனியுங்கள். விடுமுறை நாளுக்கு விகிதம் இருக்காது, முந்தைய வேலைநாளின் விகிதத்தை எடுத்துக்கொள்ளலாம். கைக்கு வந்த பணம் அதைவிடச் சில பைசா குறைவாகத்தான் இருக்கும், அது யாரும் திருடியதல்ல. வழவழப்பான ரசீது கிடைத்தால் அன்றைக்கே நகல் எடுத்து வைத்துவிடுங்கள். இத்தனையும் கையில் இருந்தாலும், முதலில் சம்பந்தப்பட்டவரிடம் தனியாகக் கேளுங்கள். நான் கேட்டிருந்தால் ஒரு மனிதர் நாலு மாதம் டீக்கடைக்குப் போகாமல் இருந்திருக்கமாட்டார்.

கிணற்றோரத்து இருபது சென்ட் இன்னும் மாமா பெயரில்தான் இருக்கிறது. அதில் இப்போது குச்சிக்கிழங்கு வைத்திருக்கிறார்கள். போன வாரம் பேசும்போது செல்வி அக்கா சொன்னார், எல்லாக் குச்சியும் துளிர்த்துவிட்டதாம்.